ஏழாம் நாளின் எண்ணுக்கும் முதல் நாளின் உறுதியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர் கடுமையானதிலிருந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் தாங்கள் வெளியிடும் ஒரு வாரத்துக்கான வானிலை அட்டவணையைப் பார்த்த பிறகே மற்றப் பக்கங்களைப் புரட்டுகிறேன். பெருநகரங்களோடு நிறுத்திக்கொள்ளாமல் சிறிய ஊர்களுக்கும் அதில் இடம் தந்திருப்பதற்கு நன்றி. ஆயினும், கோடையில் யாரையும் பாதிக்காத ஒரு குறை அந்த அட்டவணையில் இருக்கிறது என்பதையும், உறைபனிக் காலத்தில் அதுவே மக்கள் வழுக்கி விழுவதற்குக் காரணமாகிவிடுகிறது என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு படம், ஓர் அதிகபட்ச வெப்பநிலை, ஒரு குறைந்தபட்ச வெப்பநிலை. நாளைய எண்ணும் ஏழாம் நாளின் எண்ணும் ஒரே அளவு எழுத்தில் அச்சாகியிருப்பதால், இரண்டையும் ஒரே அளவு நம்பலாம் என்றே வாசகர் எடுத்துக்கொள்வார். உண்மை நிலை வேறு. தொடக்கத்தில் இருக்கும் மிகச் சிறிய அளவீட்டுப் பிழைகூட நாள்கள் செல்லச் செல்லப் பெருகிக் கணிப்பையே மாற்றிவிடும் என்பதை அமெரிக்க வானிலை அறிவியலாளர் எட்வர்ட் லோரன்ஸ் 1963-ஆம் ஆண்டிலேயே விளக்கிவிட்டார். அதனால்தான் ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை முன்னறிவிப்பு மையம், தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒரே நாளுக்கு 51 கணிப்புகளைக் கணினியில் ஓட்டிப் பார்க்கிறது. அவை பெரும்பாலும் ஒன்றுபட்டால் நம்பிக்கை கூடும்; பாதி மழை என்றும் பாதி பனிப்பொழிவு என்றும் பிரிந்து நின்றால், அந்தப் பிரிவே வாசகருக்குச் சொல்லப்பட வேண்டிய செய்தி. ஒற்றை எண்ணாகச் சுருக்கும்போது அச்செய்தி தொலைந்துபோகிறது.

கோடையில் 31 டிகிரி என்று சொல்லி 33 டிகிரி வந்தால் ஒருவரும் கவலைப்பட மாட்டார்கள். சுழியத்தை ஒட்டிய வெப்பநிலையில் அதே இரண்டு டிகிரிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 10 மில்லிமீட்டர் மழையாக வடிந்துபோக வேண்டிய நீர், சற்றே குளிர்ந்தால் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உயரப் பனியாகச் சாலையில் குவிந்துவிடும். மேலே சற்று வெப்பமான காற்றடுக்கும் தரையை ஒட்டி உறைநிலைக்குக் கீழான குளிரும் இருக்குமானால், பெய்வது மழையாகவே வந்து, தரையைத் தொட்டவுடன் பனிக்கட்டியாக இறுகிவிடும். மூன்றிலும் ஆபத்து மிகுந்தது இதுவே. இந்த மூன்றுக்கும் தங்கள் அட்டவணையில் இருப்பது மேகமும் துளிகளும் கொண்ட ஒரே படம்.

இரு வாரங்களுக்கு முன் செவ்வாய்க்கிழமைக்கு அந்தப் படத்தோடு குறைந்தபட்சம் 3 டிகிரி என்று அச்சாகியிருந்தது. மாலை வரை மழை பெய்து ஓய்ந்தது. இரவில் வானம் தெளிந்தது. 3 டிகிரியில் நீர் உறையாது என்ற நம்பிக்கையில் விடியற்காலையில் வழக்கமான காலணியோடு புறப்பட்ட நான், சிறு பாலம் ஒன்றின் மேல் கண்ணுக்கே தெரியாத பனிக்கட்டிப் படலத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் அடிபட்டேன். எனக்குப் பின்னால் வந்த முதியவர் ஒருவரும் அதே இடத்தில் விழுந்தார். அச்சிட்ட எண் பொய்யல்ல. வெப்பநிலையை அளக்கும் கருவி, தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் முதல் இரண்டு மீட்டர் வரை உயரத்தில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கிறது. காற்று அசையாத, மேகமற்ற இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழந்து அந்த அளவைவிட மூன்று நான்கு டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடும். அடியிலும் குளிர்காற்று வீசும் பாலங்கள் மற்றச் சாலைகளுக்கு முன்பே உறைந்துவிடும். ‘தரையில் உறைபனி ஏற்படலாம்’ என்ற மூன்று சொற்கள் அந்தக் கட்டத்தில் இருந்திருந்தால் நாங்கள் இருவரும் விடிந்து வெயில் ஏறும்வரை காத்திருந்திருப்போம்.

சிறிய ஊர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மேற்சொன்ன கணிப்புகள் நிலப்பரப்பைச் சுமார் 9 கிலோமீட்டர் அகலமுள்ள கட்டங்களாகப் பகுத்தே கணக்கிடுகின்றன. ஒரு சிறிய ஊர், அதன் மேட்டுத் தெருக்கள், ஆற்றோரப் பள்ளம் எல்லாம் ஒரே கட்டத்துக்குள் அடங்கிச் சராசரியாகிவிடலாம். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பதால், 300 மீட்டர் வேறுபாட்டுக்கே இரண்டு டிகிரி மாறிவிடும். அமைதியான குளிர் இரவுகளிலோ இது தலைகீழாகி, கனத்த குளிர்காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்க, மேட்டைவிடப் பள்ளமே கூடுதலாக உறைகிறது. எனவே அந்த எண் எந்த அளவீட்டு நிலையத்தை ஒட்டியது, அந்நிலையம் எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பது அச்சிடப்பட்டால், தம் வீட்டுக்கு எவ்வளவு கூட்டிக் குறைக்க வேண்டும் என்பதை வாசகர்களே அறிந்துகொள்வார்கள். காற்றின் வேகமும் இன்றியமையாதது: மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகக் காற்று வீசினால், உடல் உணரும் குளிர் மைனஸ் 20-ஐ நெருங்கிவிடும்.

இடப் பற்றாக்குறையைத் தாங்கள் குறிப்பிடக்கூடும். ஐந்தாம் நாள் முதல் படங்களை எடுத்துவிட்டு, ‘மைனஸ் 4 முதல் 2 டிகிரி வரை’ என்பதுபோல் வீச்சாக அச்சிட்டாலே வேண்டிய இடம் கிடைத்துவிடும். 1861 ஆகஸ்ட் 1 அன்று லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ராபர்ட் ஃபிட்ஸ்ராய் தம் முதல் பொது வானிலை முன்னறிவிப்பை வெளியிட்டபோது, அடுத்த இரண்டு நாள்களுக்கு எதிர்பார்க்கக்கூடிய வானிலையை மட்டுமே சொன்னார். ஏழு நாள்களுக்குச் சொல்லும் வசதி இன்று கிடைத்திருப்பது பெரும் பேறு. அதனைக் குறைக்கும்படி நான் கேட்கவில்லை. எந்த நாள் வரை எவ்வளவு உறுதி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றே கேட்கிறேன்.

மற்ற மாற்றங்களுக்குக் காலம் பிடிக்குமென்றால், கணிப்பு எந்த நாளில், எத்தனை மணிக்குத் தயாரிக்கப்பட்டது என்ற ஒரு வரியையாவது அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் அட்டவணையின் கீழே சேர்க்கும்படி வேண்டுகிறேன். சனிக்கிழமைக் காலைக் கணிப்பைப் புதன்கிழமையன்றும் சுவரில் ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பவர்களை நான் அறிவேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்