ஒசாகாவில் இருக்கும் கண்ணனுக்கு, கன்சோல் விஷயமாக

அன்புள்ள கண்ணா,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டார். நீ போன வாரம் போனில் இரண்டு விஷயம் சொன்னாய். போனஸ் வந்ததும் நின்டென்டோவின் ஸ்விட்ச் 2 வாங்கலாமா, சோனியின் பிஎஸ்5 வாங்கலாமா என்று கேட்டாய். அதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் கூடவே, "பழைய கேம் மியூசிக்கெல்லாம் வெறும் பீப் பீப்மா, இப்ப வர்றதுதான் மியூசிக்" என்றாயே, அதற்குப் போனில் பதில் சொன்னால் சண்டையாகிவிடும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ விட்டுவிட்டுப் போன பிஎஸ்4-ஐ நான்தான் ஆடிக்கொண்டிருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். துப்பாக்கி கேம் எனக்கு ஒத்துவரவில்லை, கை வேகம் போதாது. ஒரு கதாபாத்திரமாகவே நீளமான கதைக்குள் போய் ஆடும் ஆர்.பி.ஜி. தான் பிடித்துப்போனது. நாம் யோசித்து முடிக்கும்வரை எதிரி மரியாதையாக நின்றுகொண்டிருப்பான், அடுப்பில் பால் வைத்துவிட்டும் ஆடலாம். அப்படி ஆட ஆட ஒன்று புரிந்தது. ஆர்.பி.ஜி. இசைக்கு இருக்கும் வேலை வேறு எந்த இசைக்கும் கிடையாது.

சினிமாப் பாட்டு பிடிக்கவில்லை என்றால் அடுத்த பாட்டுக்குப் போய்விடலாம். பின்னணி இசை என்றால் இரண்டரை மணி நேரத்தில் படத்தோடு முடிந்துவிடும். ஐம்பது அறுபது மணி நேரம் ஓடும் கேமில் சாதாரணச் சண்டைக்கான மெட்டு நூற்றுக்கணக்கான தடவை வரும். சண்டை சட்டென்று முடிந்தால் அதன் முதல் சில நொடிகள் மட்டும்தான் காதில் விழும். 'பாஸ்' என்கிற பெரிய எதிரியிடம் மாட்டிக்கொண்டால் அதே மெட்டு கால்மணி நேரம் சுற்றிச் சுற்றி வரும். எடுத்த எடுப்பிலேயே பிடிக்க வேண்டும், முடிவு தொடக்கத்தோடு ஒட்டுத் தெரியாமல் சேர வேண்டும், நூறாவது தடவையும் எரிச்சல் வரக் கூடாது. எழுதிப் பார்த்தால்தான் தெரியும் அது எவ்வளவு கஷ்டம் என்று. 'ஃபைனல் ஃபேன்டஸி' முதல் ஆறு பாகத்திலும் சண்டை இசை ஒரே மாதிரியான பேஸ் (கீழ்ஸ்தாயி) ஓட்டத்தில்தான் தொடங்கும், கவனித்திருக்கிறாயா? நோபுவோ உவேமாட்சு எழுதியது. அவர் இசைக் கல்லூரிப் பக்கமே போகாதவர், தானே கற்றுக்கொண்டவர். அந்தத் துடிப்பு காதில் விழுந்ததுமே கை கன்ட்ரோலரை இறுக்கிப் பிடிக்கிறது.

இப்போது உன் 'பீப்'புக்கு வருகிறேன். 1986-ல் முதல் 'டிராகன் குவெஸ்ட்' வந்தபோது நின்டென்டோவின் ஃபேமிகாம் மெஷினில் மெட்டு வாசிக்க இருந்தது மூன்றே குரல். இரைச்சலுக்குத் தனியாக ஒன்று. அதற்கு இசையமைத்த கோய்ச்சி சுகியாமாவுக்கு அப்போது 55 வயது. டிவி, விளம்பரம், பாட்டு என்று ஏற்கெனவே பேர் வாங்கியவர். டிராகன் குவெஸ்ட்டை வெளியிட்ட எனிக்ஸ் கம்பெனியின் ஷோகி (ஜப்பானியச் சதுரங்கம்) கேம் ஒன்றை ஆடிவிட்டு, உள்ளே இருந்த கருத்து அட்டையை நிரப்பி அனுப்பினார். அதைப் பார்த்துத்தான் கம்பெனிக்காரர்கள் அவரைத் தேடிப் போனார்கள். (ஒரு போஸ்ட் கார்டு போட்டு வேலை கிடைத்திருக்கிறது. நீ எத்தனை ரெஸ்யூமே அனுப்பினாய்!) மூன்று குரலை வைத்துக்கொண்டு ஒரு அரண்மனையைக் காட்ட வேண்டும் என்றால் வீணாக ஒரு ஸ்வரம்கூடப் போட முடியாது. அவர் ஐரோப்பிய இசைமேதை பாக் காலத்துப் பாணிக்குப் போனதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒரு மெட்டும் இன்னொரு மெட்டும் எதிரெதிரே நடந்தாலே அந்த இசை நிறைந்துவிடும், பெரிய வாத்தியக் கூட்டம் தேவையில்லை.

அந்தக் கேமின் குகையைக் கேட்டிருக்கிறாயா? ஒவ்வொரு தளமாகக் கீழே இறங்க இறங்க அதே மெட்டு சுருதி இறங்கி, வேகமும் குறையும். புதிதாக ஒரு டிராக் சேர்க்க நினைவகத்தில் இடமில்லை, அதனால் இருந்ததையே இறக்கிவிட்டார்கள். உடம்பு கனத்துப் போன மாதிரி இருக்கும். எட்டு மணி நேர சவுண்ட்டிராக் வைத்திருக்கும் இன்றைய கேம்களில்கூட இவ்வளவு சிக்கனமான யோசனையை நான் அதிகம் பார்க்கவில்லை. 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவில் வீரர்கள் மைதானத்துக்குள் நடந்து வந்தபோது முதலில் ஒலித்தது சுகியாமாவின் டிராகன் குவெஸ்ட் இசைதான். அந்த ஊர்வலத்துக்குக் கேம் இசையை மட்டும்தான் வாசித்தார்கள். உன் 'பீப் பீப்' தான் உலகத்தையே வரவேற்றது. இரண்டு மாதம் கழித்து, செப்டம்பர் 30 அன்று, 90 வயதில் அவர் காலமானார்.

அடுத்து வந்த மெஷின் சூப்பர் ஃபேமிகாம். எட்டுக் குரல், ஒலிக்கென்று மொத்தம் 64 கேபி நினைவகம். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பும் ராமென் நூடுல்ஸ் கிண்ணத்துப் போட்டோ ஒன்றே அதைவிடப் பெரிது. அந்த இடத்துக்குள் உவேமாட்சு 1994-ல் 'ஃபைனல் ஃபேன்டஸி 6'-இல் ஒரு ஆபரா காட்சியையே வைத்தார். கதையில் வரும் செலஸ் என்ற பெண் மேடையில் பாட வேண்டும், வரிகளை மனப்பாடம் செய்துவைத்துச் சரியானதை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். மனிதக் குரலை அடக்க இடமில்லை, குரல் மாதிரி ஒரு ஒலிதான் பாடும். பிஎஸ்4-க்கு 2023-ல் வந்த புதுப் பதிப்பில் உண்மையான பாடகர்களை வைத்துப் பாட வைத்திருக்கிறார்கள். இரண்டையும் கேட்டேன். புதியது அழகு, மறுக்கவில்லை. ஆனால் பழையதில் அந்தப் பொய்க்குரல் திணறுவதே செலஸுக்குப் பொருத்தமாக இருக்கிறது. அவள் பாடகியே இல்லை, படைத்தளபதி. வேறு வழியில்லாமல் மேடை ஏறியவள். புதுப் பதிப்பில் அவள் தேர்ந்த பாடகியாகவே நிற்கிறாள், அங்கேதான் எனக்கு ஒட்டவில்லை. மற்ற இடங்களில் பழைய ஒலி, புதிய ஒலி இரண்டில் எது வேண்டுமோ மாற்றிக்கொள்ளும் வசதி அந்தப் பதிப்பிலேயே இருக்கிறது. எல்லாக் கம்பெனிகளும் இப்படிக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

அந்த எட்டுக் குரல் சிப்பைச் செய்தது யார் தெரியுமா? சோனியில் இருந்த கென் குதராகி. மேலிடத்துக்குத் தெரியாமல் நின்டென்டோவுக்காக அந்த வேலையைத் தொடங்கினார். பிறகு இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து சிடி போடும் மெஷின் ஒன்று செய்வதாக இருந்தது. 1991-ல் சோனி அதை அறிவித்த மறுநாளே நின்டென்டோ, ஃபிலிப்ஸோடு போகிறோம் என்று மேடையில் சொல்லிவிட்டது. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் 1994 டிசம்பரில் வந்த பிளேஸ்டேஷன். சிடியில் இடம் அதிகம் என்பதால் 'ஃபைனல் ஃபேன்டஸி 7' 1997-ல் அங்கே போய்விட்டது, மூன்று சிடி. அதன் கடைசிச் சண்டையில் லத்தீனில் கூட்டமாகப் பாடுவார்கள். அது ஒன்றுதான் அந்தக் கேமிலேயே மனிதக் குரல் உள்ள இசை. கடைசிவரை பொத்திவைத்து இறக்கியதால்தான் அவ்வளவு பயமாக இருக்கிறது. இடம் கிடைத்ததும் எல்லா இடத்திலும் பாட வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

யாசுனோரி மிட்சுதா கதையை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். 'ஃபைனல் ஃபேன்டஸி' செய்த ஸ்கொயர் கம்பெனியில் சத்தங்கள் செய்யும் வேலையில் இருந்த இளைஞர். இசையமைக்க விடாவிட்டால் வேலையை விட்டுப் போகிறேன் என்று அங்கே மேலதிகாரியாக இருந்த சகாகுச்சியிடம் போய் நின்றார். 'க்ரோனோ ட்ரிகர்' கேமுக்கு இசையமைக்கும் வேலை கிடைத்தது. ராத்திரி பகலாக ஸ்டுடியோவிலேயே கிடந்து வயிற்றில் அல்சர் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தார், மீதி மெட்டுகளை உவேமாட்சு எழுதிக் கொடுத்தார். 1995-ல் வந்த அந்த இசை இன்றைக்கும் புதிதாக இருக்கிறது, சரி. ஆனால் நீ ஒன்பது மணிக்கு ஆபீஸிலிருந்து வந்து கடையில் வாங்கிய ஓனிகிரி சோற்று உருண்டையைச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை. ரைஸ் குக்கர் வாங்கியாயிற்று, பருப்பும் அனுப்பியிருக்கிறேன்.

இன்றைய இசை மோசம் என்று நான் சொல்லவில்லை. மாமா வீட்டு பிஎஸ்5-இல் 'எக்ஸ்பெடிஷன் 33' ஆடினேன். மாமாவின் பையன் பாவம், டிவி கிடைக்காமல் சுற்றி வந்தான். பிரான்சில் மான்பெலியே ஊரில் இருக்கும் ஒரு சின்னக் குழு செய்தது, 2025 ஏப்ரலில் வந்தது. அந்த டிசம்பரில் கேம் அவார்ட்ஸில் ஆண்டின் சிறந்த கேம், சிறந்த இசை உட்பட ஒன்பது விருது. இசையமைத்த லோரியன் டெஸ்டார் சவுண்ட்கிளவுடில் பாட்டு போட்டுக்கொண்டிருந்தவர், அவருக்கு இதுதான் முதல் கேம். 154 டிராக்! ஆலிஸ் டுபோர்-பெர்சியே பாடும்போது எதிரியை அடிக்க மறந்து நின்றேன். அடி விழும் நொடியில் பட்டனை அழுத்தித் தடுக்க வேண்டும் என்பதால், காது திறந்திருக்காவிட்டால் செத்தோம். எனக்குக் குறை ஒன்றுதான், சில பெரிய சண்டைகளில் குரல் அவ்வளவு ஓங்கி நிற்பதால் எதிரி கை ஓங்கும் சத்தம் அடிபட்டுப் போகிறது. 'பெர்சோனா 5 ராயல்' இதைவிட யோசித்துச் செய்தது. நீ பதுங்கிப் போய்த் தாக்கினால் ஒரு பாட்டு, இல்லாவிட்டால் வேறு பாட்டு. ஒரே மெட்டு அலுக்கும் என்ற பிரச்சினையை நேரடியாகச் சமாளித்திருக்கிறார்கள். 'நியர் ஆட்டோமாட்டா' இன்னும் ஒரு படி மேலே, ஒரே இசையை அடுக்கடுக்காகப் பதிவு செய்து, இடத்துக்குத் தக்கபடி குரலைச் சேர்க்கவும் எடுக்கவும் செய்கிறது. நான் ரசிப்பது இந்த யோசனையைத்தான். எத்தனை வயலின் வாசித்தார்கள் என்பதை வைத்து இசையை எடை போடாதே.

சரி, எதை வாங்குவது? கன்சோல் செய்திகளை நானும் படிக்கிறேன். முக்கால்வாசி விலையேற்றமும் சிப் வேகமும்தான். பிஎஸ்5 ப்ரோ 2024 நவம்பரில் அமெரிக்காவில் 699.99 டாலருக்கு வந்தது, டிஸ்க் போடும் டிரைவ் அதில் இல்லை, தனியாக வாங்க வேண்டும். எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸில் மேல்தட்டுச் சந்தா 2025 அக்டோபரில் 50 சதவீதம் ஏறியது. சந்தா கட்டி ஆடும் கேம் எனக்கு ஒத்துவராது. அறுபது மணி நேரக் கதையை நான் நிதானமாக ஆறு மாதம் ஆடுகிறவள், நடுவில் அது பட்டியலிலிருந்து போய்விட்டால் என்ன செய்வேன்?

உன் கைக்கு ஸ்விட்ச் 2 தான் சரி என்பது என் எண்ணம். ரயிலில் ஆடலாம், ஆர்.பி.ஜி.யும் அங்கே குறைவில்லை. ஜப்பானில் அதை இரண்டு விதமாக விட்டார்கள். 2025-ல் வந்தபோது ஜப்பானிய மொழி மட்டும் உள்ளது 49,980 யென், பல மொழி உள்ளது 69,980 யென். நீ ஜப்பானிய மொழி மட்டும் உள்ளதை வாங்கு. அதில் ஜப்பான் கணக்கு மட்டும்தான் ஓடும், மெனுவும் ஜப்பானிய மொழியில்தான். ஜப்பானிய மொழி என்.3 பரீட்சைக்குப் படிக்கிறவனுக்கு அது தொல்லையில்லை. ஊர்க்காரர்களோடு பேசிப் பேசி, பேர் தெரியாத மூலிகை தேடி அலையும் ஆர்.பி.ஜி.யைவிட நல்ல வாசிப்புப் பயிற்சி எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. சோனியும் 2025 நவம்பரில் இதே மாதிரி ஜப்பானிய மொழி மட்டும் உள்ள பிஎஸ்5-ஐ 55,000 யென்னுக்கு விட்டது, ஆனால் அதில் டிஸ்க் டிரைவ் கிடையாது. எனக்கு அது ஆகாது.

கேம் வாங்கும்போது அட்டையை நன்றாகப் பார். சில கார்ட்ரிட்ஜில் கேமே இருக்காது, இறக்கிக்கொள்ள ஒரு சாவி மட்டும்தான் இருக்கும், அட்டையில் அதற்கு அடையாளம் போட்டிருப்பார்கள். 'பிரேவ்லி டிஃபால்ட்' மறுபதிப்பு அப்படி வந்தது. அவ்வளவு பெரிய 'சைபர்பங்க் 2077'-ஐப் போலந்துக்காரர்கள் 64 ஜிபி கார்ட்ரிட்ஜில் முழுசாகக் கொடுக்கிறார்கள், நின்டென்டோவின் பழைய கையடக்க மெஷினான 3டிஎஸ்ஸில் வந்த கேமைக் கொடுக்க ஸ்கொயர் எனிக்ஸுக்கு மனசு வரவில்லை! அந்த 3டிஎஸ்ஸின் ஆன்லைன் கடையை நின்டென்டோ 2023 மார்ச்சில் மூடிவிட்டது, அதில் மட்டும் விற்றதெல்லாம் இப்போது வாங்க வழியில்லை. சாவி கார்டுக்கும் ஒருநாள் அந்தக் கதிதான்.

மிச்சமாகும் பணத்தில் உஜியில் இருக்கும் நின்டென்டோ மியூசியத்துக்குப் போய் வா. பழைய தொழிற்சாலையை மாற்றி 2024 அக்டோபரில் திறந்தது, ஒசாகாவிலிருந்து ரயில்தான். டிக்கெட் குலுக்கல் முறையில் என்பதால் முன்கூட்டியே பதிவு செய்.

அப்புறம் எனக்கு ஒரு உதவி. நிப்பொம்பாஷியில் டென் டென் டவுன் பக்கம் பழைய கேம் கடைகள் இருக்கின்றனவே, அங்கே 'க்ரோனோ ட்ரிகர்' ஒரிஜினல் சவுண்ட் வெர்ஷன் என்ற இசை ஆல்பம் கிடைக்கிறதா பார். மூன்று சிடி இருக்க வேண்டும், ஒன்றிரண்டு குறைவாக இருந்தால் வேண்டாம். பக்கவாட்டில் சுற்றியிருக்கும் காகிதப் பட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அதற்குத்தான் விலை ஏற்றுவார்கள். சிடியில் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்கு. தீபாவளிக்கு வரும்போது கைப்பையில் கொண்டு வா, பெரிய பெட்டியில் போடாதே. அப்பா விலையைக் கேட்டால் ஆபீஸில் கொடுத்தார்கள் என்று சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா