கேள்விக்குறியின் பின்னால் நிற்காதீர்கள்

மலேசியத் தமிழ் நாளிதழ்கள், செய்தித் தளங்களின் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

எந்தச் செய்தியைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். பினாங்கு ஆயர் ஈத்தாமில் உள்ள எங்கள் அம்மன் ஆலயத்தின் படம். தரையில் சிலைத் துண்டுகள். மேலே சிவப்பு எழுத்தில், "ஆலயம் தரைமட்டம்! பக்கத்து உணவகத்தின் புகார்தான் காரணமா?" முதலில் போட்டவர் ஒருவர். மறுநாள் மதியத்துக்குள் அதை அப்படியே எடுத்துப் போட்டவர்கள் பலர். அதனால்தான் பெயர் சொல்லாமல் எல்லோருக்குமாக எழுதுகிறேன். யார் மேசையில் தொடங்கியது என்பதை உங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

நடந்தது இதுதான். கும்பாபிஷேகம் நடந்து பன்னிரண்டு ஆண்டு நிறைவதால் திருப்பணி தொடங்கினோம். பாலாலயம் செய்து, அம்மனின் சக்தியைக் கலசத்தில் இறக்கி, தனிக் கொட்டகையில் எழுந்தருளச் செய்து பூசை நடக்கிறது. அதன் பிறகுதான் விமானத்தைச் சுற்றிச் சாரம் கட்டினார்கள். விரிசல் விட்ட சுதைச் சிற்பங்களை ஸ்தபதியின் ஆட்கள் ஒவ்வொன்றாக இறக்கினார்கள். கை போன துவாரபாலகர், மூக்கு உதிர்ந்த பூதகணம், காரை பெயர்ந்த சிங்கம். அவற்றைக் குப்பையில் போட முடியாது, கடலில் சேர்க்க வேண்டும். அதற்காக ஒரு லோரி வந்தது. அந்த லோரியைத்தான் யாரோ சாலைக்கு எதிர்ப்புறம் நின்று படம் எடுத்திருக்கிறார்கள்.

உங்கள் வாசகர்களில் பாதிப் பேராவது ஏதோ ஒரு திருப்பணிக்கு நன்கொடைச் சீட்டு வாங்கியிருப்பார்கள். கும்பாபிஷேக விளம்பரங்களை நீங்களே பக்கம் பக்கமாகப் போடுகிறீர்கள். பாலாலயம் என்றால் என்னவென்று தெரியாத தமிழ் ஆசிரியர் குழு இந்த நாட்டில் இருக்கிறது என்று நம்ப எனக்கு மனமில்லை. தெரிந்தே போட்டீர்களா என்று கேட்கவும் மனமில்லை.

உணவகத்துக்கு வருகிறேன். பாயின் நாசி கண்டார் சோற்றுக் கடை எங்கள் மதிற்சுவரை ஒட்டி இருக்கிறது. கடையநல்லூரிலிருந்து வந்த அவருடைய தகப்பனார் தொடங்கிய கடை. திருவிழா நாளில் மாட்டிறைச்சிச் சட்டி வெளியே வராது. யாரும் சொல்லி அல்ல, அவர்களாகச் செய்வது. தீமிதி அன்று கடை வாசலில் ஐஸ் போட்ட சர்பத் அண்டா இருக்கும். இதை ஏதோ நல்லிணக்க விருதுக்குச் சிபாரிசு செய்வதற்காகச் சொல்லவில்லை. வண்டி நிறுத்துவதில் எங்களுக்கும் அவர்களுக்கும் மாதம் ஒரு தகராறு வரும். அடுத்தடுத்து இருப்பவர்கள் இப்படித்தான் இருப்பார்கள்.

சாரம் கட்டும்போது பாய் ஒன்றே ஒன்று கேட்டார். "டீச்சர், எங்க புகைக்குழாய்ப் பக்கம் மட்டும் ஒரு முழம் தள்ளிக் கட்டச் சொல்லுங்க, சூட்டுல ஏதாச்சும் பத்திக்கிடும்." ஸ்தபதியும் சரியென்று தள்ளிக் கட்டினார். இந்த ஒரு முழம்தான் கைமாறிக் கைமாறிக் 'புகார்' ஆகி உங்களிடம் வந்து சேர்ந்தது என்று ஊகிக்கிறேன். ஊகம்தான். நானாவது அதைச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் போட்ட படத்தில் கடையின் பெயர்ப் பலகை முழுதாகத் தெரிந்தது. பலகையில் தொலைபேசி எண். பழைய எண் அது. கடைக்கு மேல்மாடியில், வீட்டில்தான் அந்தத் தொலைபேசி இருக்கிறது. எடுப்பவர் பாயின் தாயார். எழுபதைத் தாண்டியவர், பார்வை மங்கியவர். மணி அடித்தால் ஊரிலிருந்து தங்கை பேசுகிறாள் என்று சுவரைப் பிடித்துக்கொண்டே போய் எடுப்பவர். அன்று மாலை தொடங்கி நள்ளிரவு தாண்டியும் மணி அடித்திருக்கிறது. அவருக்கு மலாய் அரைகுறை, ஆங்கிலம் வராது. வேறு மொழியில் ஏசியிருந்தால் பாதி புரியாமலாவது போயிருக்கும். வந்தது அத்தனையும் தமிழ். சில அழைப்புகளின் சொற்களை அவர் மகனிடம்கூடத் திருப்பிச் சொல்லவில்லை. குரல் உடையாத ஒரு பையன், "நீ எந்த ஊர்க்காரி, அங்கேயே போ" என்றானாம். அவர் பிறந்தது பினாங்கில்.

மறுநாள் காலை நான் மாடிக்குப் போனபோது அந்த அம்மா என்னைக் கேட்டது ஒன்றுதான். "கோயிலை உண்மையிலேயே இடிச்சுட்டாங்களாம்மா?" சுவருக்கு இந்தப் பக்கம் படுத்து எழுகிறவர். சன்னலைத் திறந்தால் எங்கள் சாரம் கைக்கெட்டும். உங்கள் செய்தியை ஏச்சாகத் தொலைபேசியில் கேட்டு அவரும் நம்பிவிட்டார்.

இப்போது அந்தத் தொலைபேசியின் கம்பியைக் கழற்றி வைத்திருக்கிறார்கள். ஊரில் இருக்கும் தங்கை வெள்ளிக்கிழமை தோறும் அழைப்பது அந்த எண்ணுக்குத்தான். கைப்பேசி அந்த அம்மாவின் கைக்குப் பழகவில்லை. கூகுளில் கடைக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டவர்கள், "இனி அங்கே சாப்பிடாதீர்" என்று புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் பரப்பியவர்கள், மதியக் கூட்டம் குறைந்தது, இதையெல்லாம் நான் விரிக்கப் போவதில்லை. வியாபாரம் திரும்ப வரும் என்று பாயே சொல்கிறார்.

ஆகவே எங்கள் கோரிக்கை: அந்த உணவகம் எந்தப் புகாரும் செய்யவில்லை என்பதை, செய்தி வந்த அதே முதல் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

போட்டுவிட்டோமே என்பீர்கள். பார்த்தேன். சில நாள் கழித்து, உள்பக்கத்தில், நினைவஞ்சலி விளம்பரங்களுக்குக் கீழே, ஐந்தாறு வரி. "ஆலயம் இடிக்கப்படவில்லை எனத் தெரிய வருகிறது. வருந்துகிறோம்." தெரிய வருகிறதாம்! ஆலயம் அங்கேயே நிற்கிறது, வந்து பார்க்கலாம். உணவகத்தைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. இணையத்தில் போட்டவர்களோ பதிவைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டார்கள். அதற்குள் படம் பிடித்துப் பகிர்ந்தவர்களிடம் அது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நீங்கள் அழித்ததை, "மேலிடத்து அழுத்தத்தால் நீக்கப்பட்ட செய்தி" என்று சொல்லி இன்னும் உற்சாகமாக அனுப்புகிறார்கள்.

செய்தி வந்த அன்றே ஆலயத்தின் முத்திரைக் கடிதத்தில் விளக்கம் அனுப்பினோம். தொலைபேசியிலும் பேசினேன். "நாளைக்குப் பார்க்கலாம்" என்றார்கள். பெயர் போட்டிருந்த செய்தியாளர் நல்ல பிள்ளை. "டீச்சர், நான் பினாங்குக்கே வரலே. புலனத்துல வந்துச்சு, உள்ளூர்ல ஒருத்தர்கிட்ட கேட்டேன். நான் வெச்ச தலைப்பு வேற" என்றார். அவரை நான் குறை சொல்லவில்லை, தயவுசெய்து நீங்களும் இதற்காக அவரைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். தலைப்பை மாற்றியவருக்குத்தான் இந்த மடல். கேள்விக்குறியைக் குடையாகப் பிடித்துக்கொண்டால் நனைய மாட்டோம் என்று யார் உங்களுக்குச் சொன்னது? "காரணமா?" என்று நீங்கள் கேட்டீர்கள். தொலைபேசியில் ஏசியவர்கள் யாரும் கேள்வியாகக் கேட்கவில்லை.

இது ஒரு நாள் தவறு என்றால் இத்தனை நீளமாக எழுதியிருக்க மாட்டேன். சமயம் என்று வந்தால் நம் ஊடகங்களுக்கு ஒரு பருவகாலமே இருக்கிறது. தைப்பூசம் நெருங்கினால், "காவடியா, கூத்தா?" என்று ஒரு பதிவு, கீழே கருத்துப் பெட்டி திறந்தே இருக்கும். உறுமி மேளம் வேண்டுமா, வேண்டாமா? அந்தப் பெண்ணின் ரவிக்கை சரியா? 2017-இல் பினாங்கில் முதன்முதலாகத் தங்க ரதம் புறப்பட்டபோது, பழைய வெள்ளி ரதத்தோடு அதை மோதவிட்டு நாம் எல்லோரும் எவ்வளவு பேசினோம். அதே ஆண்டுதான், பத்துமலைக்குச் 'சரியாக' உடுத்தாமல் வரும் பெண்கள் மேல் சாயம் தெளிப்போம் என்று முகநூலில் ஒரு குழு மிரட்டியதும், போலீஸ் ஒருவரைக் கைது செய்ததும். அந்தத் துணிச்சல் அவர்களுக்கு வானத்திலிருந்து விழவில்லை. எனக்கும் கருத்துகள் உண்டு. உறுமி மேளம் எனக்குப் பிடிக்கும், காவடியில் மண்டை ஓடு மாட்டி வருவது பிடிக்காது. விவாதிக்கலாம். ஆனால் விவாதம் நடத்துவது வேறு, சண்டைக்கு ஆள் சேர்ப்பது வேறு. இந்த வேறுபாட்டை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியிருப்பதுதான் வருத்தம்.

2025 மார்ச்சில் ஒரு மலாய் வானொலியின் அறிவிப்பாளர்கள் "வேல் வேல்" என்று சொல்லிக் காவடியாட்டத்தைக் கேலி செய்த காணொளி வந்தது. நாம் எல்லோரும் கொதித்தோம். கொதித்ததில் நியாயம் இருந்தது. அறிவிப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள், நிறுவனமும் கேட்டது, தொடர்பு பல்லூடக ஆணையம் 250,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. நம் நம்பிக்கையைச் சீண்டியவர்களிடம் எதிர்பார்த்த அந்த வேகத்தையும் வெளிப்படையையும், அடுத்தவருடைய பெயர் நம் எழுத்தால் கெட்டபோது நாம் காட்ட வேண்டாமா? அங்கே மன்னிப்பு நினைவஞ்சலிக்குக் கீழே வந்திருந்தால் நீங்கள் ஏற்றுக்கொண்டிருப்பீர்களா?

2018 நவம்பரை மறந்திருக்க மாட்டீர்கள். சுபாங் ஜெயாவில் சீபீல்டு மாரியம்மன் ஆலயத்தின் முன் இரண்டு இரவுகள் கலவரம். கார்கள் எரிந்தன. தகவலும் வதந்தியும் பிரித்தறிய முடியாமல் கைப்பேசிகளில் ஓடின. அங்கே காயமுற்ற தீயணைப்பு வீரர் முகமட் அடிப் டிசம்பர் 17-இல் இறந்தார். எங்கள் சந்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. நடக்காமல் இருந்ததற்கு உங்கள் செய்தி காரணமில்லை. பாய் கடையை அடைக்காமல் உட்கார்ந்திருந்தார். எங்கள் இளைஞர் பிரிவுப் பிள்ளைகள் இரவில் அவர் கடையிலேயே தேநீர் குடித்துக்கொண்டு இருந்தார்கள். அவ்வளவுதான்.

இனி உங்கள் பக்கம். உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019-இல் நின்றுபோன நாட்டில் இருக்கிறோம். விளம்பரம் குறைந்துவிட்டது, ஆள் இல்லை, மாநிலத்துக்கு ஒரு நிருபர் வைக்கவே முடியவில்லை என்கிறீர்கள். உண்மைதான். ஆயர் ஈத்தாமுக்கு ஆள் அனுப்ப வழியில்லை என்றால், எங்கள் ஆலய அறிவிப்புப் பலகையில் தலைவர் எண்ணும் என் எண்ணும் இருக்கின்றன. ஓர் அழைப்பு. அதற்கு விளம்பர வருமானம் தேவைப்படாது.

எங்கள் கூட்டத்தில் சிலர் போலீசில் புகார் கொடுக்கலாம் என்றார்கள், சிலர் அமைச்சுக்கு எழுதலாம் என்றார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். 2007-இல் ஒரு தமிழ் நாளிதழ், இயேசுநாதரை சிகரெட்டோடு காட்டிய படத்தை வெளியிட்டு, மன்னிப்பும் கேட்ட பிறகு, அரசு அதை ஒரு மாதம் நிறுத்தி வைத்தது. அந்தப் படம் நம் கிறிஸ்தவச் சொந்தங்களை எவ்வளவு நோகடித்தது என்று எனக்குத் தெரியும், என்னோடு பணியாற்றியவர்களே சொன்னார்கள். ஆனாலும் 1984-ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தைக் காட்டி அமைச்சு பத்திரிகையை மூடுவது என் விருப்பமல்ல. இருக்கும் சில தமிழ் நாளிதழ்களில் இன்னொன்றும் போவதற்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். 2025-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டப்படி ஊடக மன்றம் ஒன்று வந்திருக்கிறது. அங்கே போகலாம் என்று வழக்கறிஞர் ஒருவர் சொல்கிறார். போவதா இல்லையா என்பதை அடுத்த கூட்டத்தில் முடிவு செய்வோம். அதற்கு முன் உங்களிடம் நேராகக் கேட்பதுதான் மரியாதை என்று நினைத்தேன்.

நீங்கள் சிரமப்பட வேண்டாம் என்று வாசகத்தையும் நாங்களே எழுதிவிட்டோம்:

"ஆயர் ஈத்தாம் அம்மன் ஆலயம் இடிக்கப்படவில்லை. அங்கே கும்பாபிஷேகத் திருப்பணி நடைபெறுகிறது. பக்கத்து உணவகம் ஆலயத்திற்கு எதிராக எந்தப் புகாரும் செய்யவில்லை. அவ்வாறு செய்தி வெளியிட்டது எங்கள் தவறு. உணவக உரிமையாளரிடமும் அவர் குடும்பத்தினரிடமும் மன்னிப்புக் கோருகிறோம்."

ஒரு சொல்லை மாற்ற வேண்டுமென்றால் பேசலாம். இடத்தை மாற்ற மட்டும் கேட்காதீர்கள். முதல் பக்கம். பதிவை அழித்த செய்தித் தளங்கள், அதே பக்கத்தில் இதை மேலே பொருத்தி வையுங்கள். கடையின் பெயர்ப் பலகை தெரியும் படத்தைத் தயவுசெய்து மறுபடியும் போடாதீர்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிர்வாகக் குழு கூடுகிறது. அதற்குள் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளர், ஆலய நிர்வாகக் குழு
(ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை)
ஆயர் ஈத்தாம், பினாங்கு