ஆறு குடம்

கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருவாருக்கு வணக்கம்.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைத் தாண்டி, என் மனைவியின் தாய்வீட்டு நிலத்தில் கட்டிய வீட்டுக்கு நாங்கள் குடிபோய் ஓராண்டு முடிந்துவிட்டது. மின்கம்பியும் குடிநீர்க் குழாயும் எட்டாத இடம். ஆனாலும் சூரிய மின்சாரத்தில் விளக்கு எரிகிறது, தொட்டியில் மழைத்தண்ணீர் இருக்கிறது. ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்ல வேண்டிய நன்றியை எழுத்தில் சொல்கிறேன்.

முதல் நன்றி அடிபம்பு ஓரத்து வீட்டு அக்காவுக்கு. வீட்டு வரைபடத்தை விரித்துக் காட்டியபோது, "நாளைக்கு எத்தனை குடம்?" என்று மட்டும் கேட்டீர்கள். எனக்குத் தெரியவில்லை. 2019 கோடையில் நள்ளிரவில் எழுந்து லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை வைத்த உங்களுக்குத் தெரிந்திருந்தது. குடிக்கவும் சமைக்கவும் ஒன்று, குளிக்க மூன்று, பாத்திரத்துக்கு ஒன்று, துணிக்கு ஒன்று. துணி அலசிய தண்ணீர் கழிவறைக்கு, பாத்திரம் கழுவியது வாழைக்கு. இருவருக்கு ஆறு குடம், அதாவது 90 லிட்டர். அந்தக் கணக்கை நம்பித்தான் 10,000 லிட்டர் தொட்டி கட்டினோம். மழை அறவே நின்றாலும் 110 நாள் தாங்க வேண்டும். தை முதல் சித்திரை வரை தாங்கியது, அக்கா. எங்கள் 600 சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை விழுந்தால், சிந்தியது போக 30 குடம் சேர்கிறது.

வெல்டிங் பட்டறை அண்ணனுக்கு என்ன சொல்வது! கூரையைக் கழுவிவரும் முதல் தண்ணீரில் சருகும் தூசியும் பறவை எச்சமும் இருக்கும். அது தொட்டிக்குள் போகாமலிருக்க நாலு அங்குலக் குழாய் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி, உள்ளே ஒரு பந்தைப் போட்டீர்கள். அழுக்குத் தண்ணீர் முதலில் அதில் நிறைகிறது. பந்து மிதந்து மேலேறி வாயை அடைத்துக்கொள்கிறது. அதன்பின் வருவதெல்லாம் தொட்டிக்கு. குழாயின் அடியில் நீங்கள் போட்ட சிறு துளை வழியே, மழை விட்டபின் அழுக்குத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிந்துவிடுகிறது. முதல் மழையில் கூரை மூட்டு ஒழுகியபோது இரவு பஸ் பிடித்து வந்தீர்கள். பஸ் கட்டணம்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

எலக்ட்ரீஷியன் தம்பி, நான் குளிர்சாதனப் பெட்டி கேட்டபோது மறுத்தாயே, அது சரிதான். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1,800 வாட்-மணி இருந்தாலும் பாதிக்குமேல் இறக்கக்கூடாது என்றாய். ஒன்பது வாட் விளக்கு ஐந்து, 28 வாட் மின்விசிறி இரண்டு என்று அந்தப் பாதிக்குள் வீட்டையே அடக்கினாய். மிக்சி வெயில் நேரத்தில் மட்டும் ஓடுகிறது. நீ மின்பெட்டிக் கதவில் இந்தக் கணக்கை எழுதி ஒட்டிய தாள் இன்னும் அங்கேயே இருக்கிறது.

அந்தப் பேட்டரியின் எடை 50 கிலோவுக்கு மேல். சாயக்கூடாது, சாய்ந்தால் அமிலம் வழியும். கடைசி ஏற்றத்தில் வண்டி போகாது. காசிமேட்டிலிருந்து வந்த இரண்டு பிள்ளைகள் அதைக் கம்பில் தொங்கவிட்டு, அடிமேல் அடிவைத்துத் தூக்கிவந்தார்கள். அவர்கள் தோளில் பதிந்திருந்த கம்பின் தடத்தை நான் பார்த்தேன்.

வீட்டுக்கு மேல்புறம் வாய்க்கால் வெட்டி மலைத்தண்ணீரைத் திருப்பிவிட்ட மச்சான்களுக்கும், முதல் மாதம் முழுக்கச் சாமை அரிசி கொடுத்த ஊராருக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

ஐப்பசி முடிவதற்குள் தொட்டி நிறைந்துவிடும். எல்லோரும் வாருங்கள். போளூரில் பஸ் மாற வேண்டும். அக்கா, நீங்கள் வந்து தங்கும் நாட்களில் இந்த வீட்டில் குடம் எண்ணமாட்டோம்.