கமிஷனில் கால்வாசி எங்கே போகிறது?

அன்புள்ள சேகர்,

கடிதம் கண்டேன். நெசவாளர்கள் நேரடியாகச் சேலை விற்கத் தளம் தொடங்குகிறாய் என்பதில் ரொம்ப சந்தோஷம். 10% கமிஷன் போதுமா என்று கேட்டிருக்கிறாய். வாங்குபவர் கார்டில் பணம் கட்டும்போது உன்னிடம் பிடிக்கப்படும் கார்டு கட்டணத்தைக் கழிக்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

5,000 ரூபாய்ச் சேலை ஒன்றை வைத்துப் பார். கிரெடிட் கார்டுக்கு 2% பேசியிருந்தால் 100 ரூபாய், அதன் மேல் 18% ஜிஎஸ்டி 18 ரூபாய். உனக்குக் கிடைப்பது 500 ரூபாய் கமிஷன்தான். ஆனால் 118 ரூபாய் கணக்கிடப்படுவது முழு 5,000-க்கு. கமிஷனில் கிட்டத்தட்ட கால்வாசி அங்கேயே போய்விடுகிறது. அந்த 18 ரூபாயை உள்ளீட்டு வரியாக, அதாவது நீ கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, திரும்ப எடுக்கலாம், 100 போனது போனதுதான். சேலை திரும்பி வந்தால் வாங்கியவருக்கு 5,000-ஐ முழுசாகக் கொடுப்பாய், கமிஷனும் போகும். கார்டு கட்டணத்தைப் பெரும்பாலும் யாரும் திருப்பித் தருவதில்லை. அந்த நஷ்டம் உன்னுடையதா, விற்பவருடையதா என்பதை ஒப்பந்தத்தில் இப்போதே எழுது. பிறகு கேட்டால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

அந்த 2%-இல் பெரும்பங்கு கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. கொஞ்சம் விசா, மாஸ்டர்கார்டு போன்ற நெட்வொர்க்குக்கு. மிச்சம்தான் பேமென்ட் அக்ரிகேட்டருக்கு, அதாவது உன் தளத்துக்காகப் பணத்தை வசூலித்துத் தரும் நிறுவனத்துக்கு. நீ பேரம் பேச முடிவதும் அந்த மிச்சத்தில் மட்டுமே. அதனால் மொத்தமாக ஒரே விகிதத்துக்கு ஒத்துக்கொள்ளாதே, கார்டு வகைவாரியாகக் கேள். டெபிட் கார்டுக்கு 2018 முதல் ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது: ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்துக்குள் இருந்தால் 0.40%, அதற்கு மேல் 0.90%. ரூபே டெபிட், யூபிஐ இரண்டுக்கும் 2020 ஜனவரி முதல் எம்டிஆர் (விற்பவரிடம் பிடிக்கும் இந்தக் கட்டணம்) கிடையாது. ஆனால் யூபிஐயோடு இணைத்த ரூபே கிரெடிட் கார்டு வேறு கணக்கு. திரையில் யூபிஐ என்றே தெரியும், கட்டணம் கிரெடிட் கார்டு மாதிரி வரும். அறிக்கையில் அதைத் தனிப் பத்தியாகக் கேட்டு வாங்கு.

இன்னொன்று. 2,000 ரூபாய் வரையிலான கார்டு பரிவர்த்தனைக்கு இந்தக் கட்டணத்தின் மேல் ஜிஎஸ்டி இல்லை. பேமென்ட் அக்ரிகேட்டர்களுக்கும் இது பொருந்தும் என்று 2025 ஜனவரியில் விளக்கச் சுற்றறிக்கை வந்தது. 1,500 ரூபாய் பில்லுக்கு 18% போட்டிருந்தால் விடாதே.

ஒரே கூடையில் மூன்று பேர் சரக்கு இருந்தால் கட்டணத்தை விலை விகிதத்தில் பிரி. 3,000, 1,500, 500 என்றால் 60, 30, 10. பைசா மீதம் விழும்போது அதை உன் கணக்கில் போட்டுக்கொள். விற்பவர்களிடம் பைசாவுக்குச் சண்டை வேண்டாம்.

விற்பவருக்குப் பணம் அனுப்புமுன் வருமான வரி டிடிஎஸ் 0.1%, ஜிஎஸ்டி டிசிஎஸ் 0.5% பிடிக்க வேண்டியிருக்கும்; இரண்டும் அவர் பணத்திலிருந்து பிடித்து அரசுக்குக் கட்டும் வரி. யாருக்கு விலக்கு உண்டு என்பதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள். இந்த விகிதங்கள் 2024-இல் குறைந்தவை, பழைய 1% கணக்கை யாராவது காட்டினால் நம்பாதே.

கணக்கு எழுதும்போது வங்கியில் வந்த 4,882-ஐ வரவாகப் போட்டுவிடாதே. 5,000 வரவு (அதில் உன் வருமானம் கமிஷன் மட்டும், மிச்சம் விற்பவருக்குத் தர வேண்டியது), 100 செலவு, 18 உள்ளீட்டு வரி என்று தனித்தனியாக எழுது. இல்லையென்றால் ஜிஎஸ்டி ரிட்டர்னும் வங்கிக் கணக்கும் எந்த மாதமும் ஒத்துப்போகாது.

சார்ஜ்பேக், அதாவது வாங்கியவர் வங்கியில் புகார் சொல்லிப் பணத்தைத் திரும்ப எடுப்பது, அதைப் பற்றித்தான் எனக்குக் கவலை. விற்பவருக்குப் பணம் போய் மாதங்கள் கழித்தும் அது வரலாம். டெலிவரி ரசீதையும் வாங்கியவர் கையெழுத்தையும் பத்திரமாக வை. புதிதாகச் சேர்பவர்களுக்குத் திரும்பப் பெறும் கெடு முடிந்த பிறகே பணம் விடு.

ஒப்பந்த வரைவு தயாரானதும் அனுப்பு, படித்துப் பார்க்கிறேன். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரவி