பவர்ஸ்கோர்ட் மாளிகையில் கடை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

டப்ளின் சவுத் வில்லியம் தெருவில் நீங்கள் கடை வைத்திருக்கும் வீட்டைப் பற்றி எழுதுகிறேன். ஆம், வீடுதான். வணிக வளாகம் என்றே சொல்லிப் பழகியதில் அது வீடு என்பதே பலருக்கு மறந்துவிட்டது.

நானும் வெகுநாள் நடுமுற்றத்தில் காபி குடித்துவிட்டு, கண்ணாடிக் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, இதுதான் மாளிகை என்று நம்பித் திரும்பியிருக்கிறேன். உண்மையில் முற்றத்தைச் சுற்றியிருக்கும் செங்கல் கட்டடங்கள் பின்னால் வந்தவை. 1807-இல் அரசாங்கம் வீட்டை வாங்கி முத்திரை வரி அலுவலகமாக்கியது. அதற்காக அவற்றைக் கட்டியவர் பிரான்சிஸ் ஜான்ஸ்டன், டப்ளின் தலைமை அஞ்சலகத்தை வடிவமைத்த அதே ஜான்ஸ்டன். கண்ணாடிக் கூரையோ 1981-இல் கடைகள் திறந்தபோது வந்தது. அசல் வீடு தெருப்பக்கம் இருக்கிறது. முற்றத்தோடு திரும்பிவிடுகிறவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை.

மூன்றாம் பவர்ஸ்கோர்ட் பிரபு ரிச்சர்ட் விங்ஃபீல்டுக்காக ராபர்ட் மாக் 1771-இல் தொடங்கி 1774-இல் கட்டி முடித்தது அது. ஊரே செங்கல்லில் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், டப்ளினுக்குத் தெற்கே விக்லோ மாவட்டத்தில் இருந்த சொந்த எஸ்டேட்டிலிருந்து கருங்கல்லை வரவழைத்தார்கள். நாடாளுமன்றம் கூடும் மாதங்களில் தங்கவும் விருந்து வைக்கவும்தான் இவ்வளவும். 1801-இல் அயர்லாந்தின் நாடாளுமன்றமே இல்லாமல் போனது. ஆறே ஆண்டில் வீடும் கைமாறியது.

ஒருநாள் கடை திறக்கும் முன் முன்கூடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். மகோகனி மாடிப்படியின் கைப்பிடித் தூண்களைச் செதுக்கியவர் இக்னேஷியஸ் மெக்டோனா. படிக்கட்டுச் சுவரில் ஏறுவது ஜேம்ஸ் மெக்கல்லாவின் சுதைவேலை: ரொக்கோகோ பாணியில் சுருண்டோடும் இலையும் கொடியும். அப்புறம் பெரிய அறைகளுக்குள் போனால் எல்லாம் அடங்கிவிடுகிறது. மெல்லிய கோடுகள், அளந்து வைத்த வளைவுகள், பழைய ரோமை நினைவூட்டும் ஒழுங்கு. அது மைக்கேல் ஸ்டேப்பிள்டனின் வேலை. அவருடைய வரைபடங்களை அயர்லாந்து தேசிய நூலகம் இன்றும் வைத்திருக்கிறது. ஒரு நகரத்தின் ரசனை மாறியதைச் சில அடி நடந்தே பார்த்துவிடலாம். இப்படி ஓர் இடம் எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை.

1830-களில் வந்த ஃபெரியர் பொல்லாக் என்ற மொத்த ஜவுளி வியாபாரிகள் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் இங்கே துணி விற்றார்கள். அவ்வளவு காலம் வியாபாரம் நடந்தும் இந்தச் சுதைவேலை நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பவர்ஸ்கோர்ட் பிரபு குடும்பம் முன்பு வாழ்ந்த விக்லோ மாளிகையை 1974-இல் தீ தின்றுவிட்டது என்பதை நினைத்தால், மிஞ்சியிருக்கும் இந்தச் சுதைவேலையின் அருமை இன்னும் புரிகிறது. அதனால் கடைகள் வந்ததே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆள் புழங்காத வீடு சீக்கிரம் பாழாகும்.

ஆனால் அலமாரியைச் சுதைச் சுவரோடு ஒட்டி நிறுத்தாதீர்கள். விளம்பரத் தட்டியைக் கதவு நிலைக்கு மேலே தொங்கவிடாதீர்கள். அறைகளின் உட்கூரைக்கு விளக்குப் போடுவதாக இருந்தால், சுதையில் ஆணி அடிக்காமல் கீழேயிருந்து மேலே வெளிச்சம் பாயும்படி வையுங்கள். வாசலில் ஒரு சின்னப் பலகையில் ஸ்டேப்பிள்டன், மெக்கல்லா, மெக்டோனா என்று மூன்று பெயர்களை எழுதுங்கள். முற்றத்திலேயே நின்றுவிடுகிறவர்களைத் தெருப்பக்கக் கூடத்துக்கு அனுப்பிவையுங்கள்.

இது பாதுகாக்கப்பட்ட கட்டடம். அயர்லாந்துச் சட்டப்படி அந்தப் பாதுகாப்பு முகப்போடு நிற்பதில்லை. உள் அறைகளுக்கும், அவற்றில் பதித்த வேலைப்பாடுகளுக்கும் சேர்த்துத்தான். எந்த வேலைக்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம் என்று மாநகராட்சியிடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அடுத்த முறை கடையை மாற்றியமைக்கும்போது, தச்சரை வரச்சொல்வதற்கு முன்னால் அந்தக் கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்