தமிழ் அறிவியல் வட்டம், ரோஸ்ஹில், மொரீஷியஸ்: 2024ஆம் ஆண்டறிக்கை

தலைவர் ஐயா அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஜனவரி 15 அன்று பெலால் புயல் அடித்ததால் பொங்கல் விழாவைத் தள்ளிவைத்துப் பிறகு எளிமையாக நடத்தினோம். தைப்பூசக் காவடிக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டோம். வருடப்பிறப்புக்குப் பிள்ளைகளின் பேச்சுப் போட்டி நடந்தது. பரிசு கொடுத்தவர்களுக்கு நன்றி.

இந்த ஆண்டின் முக்கிய வேலை இறகு நட்சத்திரக் காட்சிப் பெட்டி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. "தமிழ் வட்டத்துக்கு இந்தக் கடல் பூச்சி எதற்கு?" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். கேட்டவர்கள் அதன்பின் எந்தக் கூட்டத்துக்கும் வராததால் பதிலை இங்கே பதிவு செய்கிறேன்.

இது பூச்சி அல்ல. நட்சத்திர மீனுக்கும் கடல் அட்டைக்கும் உறவான, இறகு போன்ற கைகளோடு நம் பவளத்திட்டில் வாழ்கிற உயிர். இதன் பிறப்பை உலகுக்குச் சொன்னவர் நம் தீவில் இருந்தவர். பட்டாள மருத்துவர் ஜான் வாகன் தாம்சன் 1816 வரை மொரீஷியஸ், மடகாஸ்கர் பக்கம் பணியாற்றினார். அயர்லாந்து போனபின் கார்க் துறைமுகத்தில் காம்புள்ள ஒரு சின்னஞ்சிறு உயிரைக் கண்டு, 1827இல் அதைக் கடல் அல்லி என்ற காம்புள்ள உயிர்வகையாக வெளியிட்டார். அது இறகு நட்சத்திரத்தின் குஞ்சுதான் என்று 1836இல் அவரே நிறுவினார். குஞ்சு காம்பில் நின்று வளரும், அப்புறம் காம்பை விட்டுப் பிரிந்துவிடும். காம்பின் உச்சித் துண்டு மட்டும் உடலோடு தங்கி அடித்தட்டாகும். பாறையைப் பிடித்துக்கொள்ளும் பற்றிழைகள் அதிலிருந்துதான் முளைக்கின்றன. இந்தத் தீவின் பிள்ளைகள் இதைத் தமிழில் படிக்கக் கூடாதா?

வலையில் சிக்கிச் செத்த ஒன்றை மாயேபூர் மீனவர் ஒருவர் கொடுத்தார். உயிரோடு எதையும் நாம் பிடிக்கவில்லை. அதில் இரண்டு கைகளை ஆல்கஹாலில் தனியாக எடுத்துவைத்துவிட்டு, மீதியை வீட்டில் துணி வெளுக்கும் ஜாவெல் தண்ணீரில் ஒரு பீங்கான் தட்டில் ஊறவைத்தோம். முதலில் கைகளின் ஓரத்தில் வரிசையாக இருக்கும் சிறகிழைகள் உதிர்ந்தன. பிறகு கைகள் மணிமாலை அறுந்ததுபோல் துண்டு துண்டாகக் கழன்றன. ஒவ்வொரு துண்டும் நுண்துளை நிறைந்த ஒரே கால்சைட் படிகம். கடைசிவரை பிரியாமல் நின்றது அடித்தட்டும் அதன்மேல் ஒட்டிய, கைகள் தொடங்கும் ஐந்து ஆரத்தட்டுகளும்தான். சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லை. அதன் பக்கமெல்லாம் பற்றிழைகள் பொருந்தியிருந்த குழிகள். பிள்ளைகள் லென்ஸை ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிடுங்கிப் பார்த்தார்கள்.

புதைபடிவமாகப் பெரும்பாலும் கிடைப்பதும் இந்த ஒரு பாகம்தான். செத்த சில நாட்களில் கைகள் சிதறிவிடுவதால், ஜுராசிக் கால இறகு நட்சத்திரங்கள் பலவற்றை அடித்தட்டின் வடிவத்தையும் குழிகளின் வரிசையையும் வைத்தே இனம் பிரிக்கிறார்கள். நம் தீவில் வெளியே தெரியும் பாறைகள் ஒரு கோடி ஆண்டுக்கும் இளைய எரிமலைப் பாறைகள். அதனால் அந்தப் படிவங்கள் பெட்டியில் வரைபடமாகவே இருக்கின்றன.

நம் மாதிரி எந்த இனம் என்று சொல்லும் வகைப்பாட்டு அட்டை மட்டும் பாதியில் நிற்கிறது. காம்பு இருந்தால் கடல் அல்லி, இல்லாவிட்டால் இறகு நட்சத்திரம் என்ற பழைய பிரிவு இப்போது செல்லாது. டிஎன்ஏ ஆய்வுகளின்படி காம்புள்ள சில ஆழ்கடல் வகைகள் இறகு நட்சத்திர வரிசைக்குள்ளேயே அடங்குகின்றன. நம் மாதிரிக்குப் பத்துக் கைகள். 1816இல் பிரெஞ்சு அறிஞர் லாமார்க் பெயரிட்ட ட்ரோபியோமெட்ரா கரினாட்டா என்ற இனத்துக்கும் பத்துதான், ஆனால் பத்துக் கை பல குடும்பங்களில் உண்டு. வாயருகே உள்ள சிறகிழைகளின் நுனியில் சீப்புப் பல் இருந்தால் கோமாட்டுலிடே (பழைய பெயர் கோமாஸ்டெரிடே) குடும்பம். அதைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும். தருவதாகச் சபையில் சொன்ன உறுப்பினர் இன்னும் தரவில்லை. படம் வரைய ஒப்புக்கொண்டவர்களில் பாதிப்பேர் ஒரு சனிக்கிழமைகூட வரவில்லை. கூடத்தைத் திறந்து, விளக்கைப் போட்டு, நானும் மூன்று பிள்ளைகளும் உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. இது எனக்கு வருத்தமான விஷயம்.

வரவு செலவு ஏறக்குறைய சரியாக இருக்கிறது, விவரம் பொருளாளரிடம் உள்ளது. பெட்டிக்கான கண்ணாடிச் செலவில் ஒரு பகுதி இன்னும் என் கைப்பணம். சந்தா பாக்கி மூன்று ஆண்டாகச் சேர்ந்திருக்கிறது. பாக்கி வைத்திருப்பவர்களில் வசதி இல்லாதவர் யாரும் இல்லை.

கூடத்தை வாடகையின்றித் தந்த கோயில் நிர்வாகத்துக்கும் தேநீர் கொடுத்த அம்மாமார்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயலாளராகத் தொடர்வதைப் பற்றி நான் இன்னும் முடிவெடுக்கவில்லை. நுண்ணோக்கியும் வாரம் ஒருமுறை வருகிற நான்கு பேரும் இருந்தால் வகைப்பாட்டு அட்டை தைப்பூசத்துக்குள் முடிந்துவிடும். யார் பொறுப்புக்கு வந்தாலும் அதை முடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பாக்கியைக் கட்டுபவர்கள் இன்று தேர்தலுக்கு முன்பே பொருளாளரிடம் கட்டிவிடலாம், அவர் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் மேசையில் இருக்கிறார்.

இங்ஙனம்,
செயலாளர்