முதலில் வாய்விட்டுச் சொல், பிறகு தாளைப் பார்

அன்புள்ள கண்ணு,

நீ காற்றுத் துப்பாக்கியால் சுட்டு அனுப்பிய குறித்தாளின் படத்தை நேற்று ராத்திரி கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். பத்துக் குண்டில் ஏழு ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கிழிசலாகக் கிடக்கின்றன. மீதி மூன்றும் ஆளுக்கொரு திசையில். "புது ரைஃபிள் வாங்கட்டுமா அம்மா, இல்லை எனக்குத்தான் கை வரவில்லையா?" என்று கேட்டிருந்தாய். ஏழு குண்டை ஒரே இடத்தில் போட்ட ரைஃபிளைக் கெட்டது என்று எப்படிச் சொல்வேன்? அதைப் பிடித்திருந்த கையையும் சொல்ல மாட்டேன். அந்த மூன்றும் ஏன் போயின என்று தெரிகிற வரைக்கும் ஒரு காசும் செலவழிக்காதே.

நாளைக்கு ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போ. ட்ரிகர் விழுகிற அந்த நொடியில் ஸ்கோப்பின், அதாவது ரைஃபிள் மேலிருக்கும் குறிபார்க்கும் தொலைநோக்கியின், குறுக்குக்கோடு எங்கே இருந்தது என்று உன் கண்ணுக்குத் தெரியும். தாளைப் பார்ப்பதற்கு முன்னாலேயே, "இடது, கொஞ்சம் கீழே" என்று வாய்விட்டுச் சொல். எழுது. அதற்கப்புறம் பார். நீ சொன்ன இடத்திலேயே ஓட்டை இருந்தால், எவ்வளவு தள்ளி விழுந்திருந்தாலும் அது உன் பிழை, பயிற்சியில் சரியாகும். "நடு" என்று நீ மனசாரச் சொல்லி, ஓட்டை ஒரு விரல்கடை தள்ளி இருந்தால், உன்னை விட்டுவிட்டு பெல்லட்டையும் (நீ போடும் அந்தச் சின்ன ஈயக் குண்டு) ரைஃபிளையும் விசாரிக்க வேண்டும். எத்தனையாவது குண்டு என்ற எண்ணையும் ஓட்டைக்குப் பக்கத்தில் போடு. பத்தையும் ஒரே தாளில் போடாதே, ஐந்து ஐந்தாகப் பிரி. முதல் குண்டு மட்டும் எப்போதும் விலகுகிறதா, நீ களைத்த பிறகு விலகுகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

நான் இதைக் கற்றுக்கொள்ள ஒரு பருவமே வீணானது. நான்கைந்து குண்டுக்கு ஒன்று எங்கோ போய்க்கொண்டிருந்தது. நான் நிற்கும் நிலையை மாற்றினேன், மூச்சை மாற்றினேன், ராத்திரி படுக்கையில்கூட வெறும் விரலால் ட்ரிகர் இழுத்துப் பார்த்தேன். காரணம் கடைசியில் என் சட்டைப் பையில் இருந்தது. பெல்லட்டுகளை டப்பாவிலிருந்து கொட்டி பையில் போட்டுக்கொண்டு சுடுவது என் வழக்கம். அவை ஒன்றையொன்று இடித்து, பாவாடை நசுங்கியிருந்தன.

பாவாடை என்பது பெல்லட்டின் பின்பக்கத்து மெல்லிய விளிம்பு. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்: முன்னே கெட்டியான தலை, நடுவில் ஒடுங்கிய இடுப்பு, பின்னே உள்ளே குழிந்த பாவாடை. குழலுக்குள் இருக்கும் திருகுப் பள்ளங்களைப் பிடித்துச் சுழல்வது அந்த ஈயம்தான். பின்னாலிருந்து காற்று தள்ளும்போது பாவாடை விரிந்து குழலை அடைத்துக்கொள்கிறது. ஒரு பக்கம் நசுங்கியிருந்தால் காற்று அந்த வழியே கசியும், குழல் வாயை விட்டு வெளியேறும்போதும் ஒரு பக்கம் முந்தி அவிழும். அங்கேயே அது கோணிக்கொள்ளும். பிறகு நீ எவ்வளவு அசையாமல் நின்றாலும் என்ன பயன்?

ஆகவே டப்பாவைக் குலுக்காதே, கீழே போடாதே. வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பின்பக்கத்தைப் பார்த்து, வட்டம் கெட்டதையெல்லாம் தனியே போடு. கண்ணாடிப் பலகை ஒன்றைச் சற்றே சாய்த்து உருட்டிப் பார்த்தாலும் தெரியும். தலை சிறுத்து பாவாடை பெருத்திருப்பதால் பெல்லட் நேராக உருளாது, வளைந்துதான் ஓடும். எல்லாம் ஒரே மாதிரி வளைந்தால் நல்லது, தத்தி ஓடுகிறதை ஒதுக்கு. சிலர் தராசு வைத்து எடை பிரிக்கிறார்கள். பத்து மீட்டருக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம். அந்த நேரத்தில் பாவாடையைப் பார்த்தால் பலன் அதிகம்.

எந்த பெல்லட் என்று கேட்பாய். அதை உன் குழல்தான் சொல்லும். 4.5 மில்லிமீட்டர் என்று ஒரே பெயரில் விற்றாலும் தலையின் அளவு 4.49, 4.50, 4.51, 4.52 என்று மாறும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கான அந்த வித்தியாசத்தையும் குழல் கண்டுபிடிக்கும். நான்கு வகையில் சின்ன டப்பா வாங்கி, ரைஃபிளை மெத்தென்ற பையில் தாங்கி, வகைக்கு ஐந்து ஐந்தாக மூன்று நான்கு தாள் சுட்டுப் பார். வகை மாற்றியதும் வரும் முதல் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதே. பத்து மீட்டரில் தாளுக்குச் சுட தட்டைத் தலை பெல்லட் போதும், ஓட்டையும் சுத்தமாக விழும். ஐம்பது மீட்டருக்குப் போனால் உருண்டைத் தலை வேண்டும்.

ஈயமில்லாத லேசான பெல்லட்டை "அதிவேகம்" என்று போட்டு விற்பார்கள். அதில் மயங்காதே. ஒலியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர். அந்த வேகத்தை நெருங்கினாலே பெல்லட் தள்ளாடத் தொடங்கிவிடும். ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் ரைஃபிள்கள் அதில் பாதி வேகத்தில்தான், நொடிக்கு 170, 175 மீட்டரில் சுடுகின்றன. அங்கே பத்துப் புள்ளி வட்டம் அரை மில்லிமீட்டர், ஒரு பென்சில் முனை அளவு.

இப்போது உன் ரைஃபிள். முதலில் திருகாணிகள். தோளிலும் கன்னத்திலும் படும் கட்டையைப் பிடித்திருக்கும் திருகுகள், ஸ்கோப்பைத் தாங்கும் பிடியின் திருகுகள், எல்லாவற்றையும் சோதி. உன்னுடையதைப் போன்ற ஸ்பிரிங் ரைஃபிள் ஒவ்வொரு குண்டுக்கும் தன்னையே உதறிக்கொள்கிறது, திருகு தளராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஸ்கோப் பின்னோக்கி நகர்ந்திருக்கிறதா என்று அறிய பென்சிலால் ஒரு கோடு போட்டு வை.

அந்த உதறலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் உன் மூன்றில் ஒன்றாவது இதனால்தான் என்று நினைக்கிறேன். ட்ரிகர் விழுந்ததும் உள்ளே ஸ்பிரிங் தள்ள, காற்றை அழுத்தும் கனமான பிஸ்டன் முன்னோக்கிப் பாய்கிறது. ரைஃபிள் பின்னுக்கு நகர்கிறது. பிஸ்டன் முனையில் போய் நிற்கும்போது ரைஃபிள் முன்னுக்கு இழுக்கிறது. பெல்லட் குழலை விட்டு வெளியேறுவதற்கு முன்பே இந்த ஆட்டம் தொடங்கிவிடுகிறது. ஆகவே ரைஃபிள் ஆடும் விதம் ஒவ்வொரு முறையும் ஒன்றுபோல இருக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் அது நடக்காது, இறுக்கம் ஒருமுறை போல மறுமுறை இருப்பதில்லை. இடது உள்ளங்கையைத் திறந்து அதன்மேல் ரைஃபிளைச் சும்மா கிடத்து. விரல்கள் மடங்கக் கூடாது. கை வைக்கும் இடத்தில் கட்டையில் ஒரு சிறு ஒட்டுத்தாளை ஒட்டிக்கொள், எப்போதும் அங்கேயே வை. தோளில் லேசாகப் படட்டும். சுட்டு முடித்த பிறகும் கன்னத்தைத் தூக்காமல், விரலை எடுக்காமல், ஒன்று இரண்டு என்று மனசுக்குள் எண்ணு. எங்கே விழுந்தது என்று எட்டிப் பார்க்கும் அவசரத்தில் ஆடும் தலைதான் பாதி குண்டுகளைக் கெடுக்கிறது. கன்னம் கட்டையில் படும் இடம் மாறினால், பத்து மீட்டர் போன்ற குறைந்த தூரத்தில் ஸ்கோப்பின் கோடும் தாளின்மேல் இடம் மாறித் தெரியும். தலையை மெல்ல அசைத்துப் பார், கோடு ஊர்வதை நீயே காண்பாய்.

எண்ணெய் விடுகிறாயா? குழலுக்குள்ளோ காற்று அறைக்குள்ளோ விடாதே. பிஸ்டன் அழுத்தும் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொண்டால் ஒரு குண்டு மட்டும் படீரென்று சத்தத்தோடு வேகமாகப் போகும், புகையும் தெரியும். அது தனியாக எங்கோதான் விழும். குழலைத் துணி விட்டுத் துடைத்தால் முதல் பத்து இருபது குண்டுகள் தடுமாறும், பிறகு நிலைக்கும். அதனால் அடிக்கடி துடைக்காதே. குரூப், அதாவது தாளில் ஓட்டைகள் விழும் கூட்டம், மெல்ல விரிய ஆரம்பித்தால் துடை. பெல்லட் போடாமல் வெறும் ட்ரிகர் இழுப்பதும் கூடாது, பிஸ்டனுக்கு முன்னால் மெத்தை போல அழுந்தி நிற்கும் காற்று இல்லாமல் அது நேராக மோதும்.

காற்றை முன்கூட்டியே அடைத்து வைக்கும் ரைஃபிள் வாங்க ஆசைப்படுகிறாய். அதில் உதறல் குறைவு, உண்மைதான். ஆனால் அழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் சீராக்கி இல்லாததில் அழுத்தம் இறங்க இறங்க வேகமும் மாறும். குண்டுகள் மேலும் கீழுமாக நீண்டு விழும். அதற்கும் இதே நோட்டு வேண்டும்.

இன்னொன்று, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். விலகும் குண்டு தாளில் விலகினால் புள்ளி குறையும், தாளையே தாண்டினால் யார் மேலாவது படும். தாளுக்குப் பின்னால் குண்டை வாங்கிக்கொள்ளும் பெட்டி தாளைவிட நன்றாக அகலமாக இருக்கட்டும். கெட்டியான தட்டைப் பரப்பில் பட்டால் பெல்லட் திரும்பி வரும், ஆகவே கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு குண்டுகூட வேண்டாம். பெல்லட்டை வாயில் கவ்வி வைத்துக்கொள்ளாதே; ஈயம் விஷம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சாப்பிடு.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதே கண்ணு. நாளைக்கு நீ பார்த்துப் பொறுக்கிய பெல்லட் மட்டும். மறுநாள் திருகுகள். அதற்கடுத்த நாள் உள்ளங்கை. ஐம்பது குண்டு முடிந்ததும் நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. தாள் அப்புறம் வந்தால் போதும், நீ என்ன சொன்னாய் என்பதை முதலில் படிக்கிறேன்.

அன்புடன்,
அம்மா